குழந்தையோடு கடற்கரைக்கு: எந்தக் கேமராவை எடுத்துக்கொள்வது?

கேமராக்களை ஒப்பிடும் கட்டுரைகளில் மெகாபிக்சல் இருக்கும், மங்கிய வெளிச்சத்தில் படம் எப்படி விழும் என்பது இருக்கும், நொடிக்கு எத்தனை படம் என்பது இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை, தோளில் ஒரு பை, மிச்சமிருக்கும் ஒரு கையும் ஈரம் என்ற நிலையில் கேமராவை இயக்க முடியுமா என்று சோதித்து எவரும் மதிப்பெண் போடுவதில்லை. பிள்ளையோடு கடற்கரைக்குப் போகிற தாய்க்கு முதல் கேள்வியே அதுதான். மற்றதெல்லாம் பிறகு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டிக் கூப்பிடுவதுமில்லை. சிறு பிள்ளைகள் நீரருகே இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். கேமராக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது இந்தக் கைக்கெட்டும் தூரத்தைத்தான் நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். இது வெறும் அக்கறைப் பேச்சும் இல்லை. லென்ஸின் கணக்கிலேயே அது ஒளிந்திருக்கிறது.

ஒரு மீட்டர் உயரமுள்ள பிள்ளையை எடுத்துக்கொள்வோம். முழுச் சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் படம் பதியும் சென்சார் 36 மி.மீ.க்கு 24 மி.மீ. அளவுள்ளது. லென்ஸின் மி.மீ. எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும். கேமராவை நிமிர்த்திப் பிடித்து, படத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளை நிரப்ப வேண்டும் என்றால், 200 மி.மீ. லென்ஸுக்கு நாம் எட்டு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். 50 மி.மீ. என்றால் இரண்டு மீட்டர். 35 மி.மீ. என்றால் ஒன்றரை மீட்டர். கைபேசிகளின் முதன்மை லென்ஸ்கள் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ.க்குச் சமமானவை, அவற்றுக்கு ஒரு மீட்டர் போதும். ஆக, எந்த லென்ஸ் என்று முடிவு செய்யும்போதே பிள்ளையிடமிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கப் போகிறோம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறோம். நுரைத்து ஏறும் அலைக்கு முன்னால் குந்தியிருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டு மீட்டர் என்பது பெரிய தூரம்.

முதலில் பெரிய கேமராவைப் பார்ப்போம். லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராக்களின் படத் தரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சூரியன் இறங்கிய பிறகும் முகத்தில் மிஞ்சியிருக்கும் மெல்லிய ஒளியை அவை வாங்கிக்கொள்வதுபோல வேறெதுவும் வாங்குவதில்லை. ஓடி வரும் பிள்ளையின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடித்துக்கொண்டு கூடவே வருகின்றன. ஆனால் அவற்றை இயக்க இரண்டு கை வேண்டும். வியூஃபைண்டரில் ஒரு கண்ணைப் பதித்து மறு கண்ணை மூடிக்கொண்டால் பக்கவாட்டில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. பெரிய அலை வருவதும், அடுத்த பிள்ளை வேறு பக்கம் நடக்கத் தொடங்குவதும் பக்கவாட்டில்தான் நடக்கும். முழுச் சட்டகக் கேமரா ஒன்றும் 24–70 ஜூம் லென்ஸ் ஒன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தடுக்கி விழப் போகும் பிள்ளையைக் குனிந்து தூக்கிப் பாருங்கள். கேமரா முன்னால் ஆடிப் பிள்ளையின் நெற்றிக்கு நேராக வரும்.

அடுத்தது மணல். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்று ஒரு சத்தம் கேட்டால், இடுக்கில் ஒரு மணல்பொடி புகுந்துவிட்டது என்று பொருள். கடல் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7. கண்ணாடி ஏறத்தாழ 5.5தான். லென்ஸில் உப்புத் திவலை படிந்திருக்கிறதே என்று ஆடையின் நுனியால் துடைத்தால் என்ன ஆகும் என்பது இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. முதலில் காற்றடித்து மணலை விரட்ட வேண்டும், துடைப்பது அதற்கு அப்புறம். லென்ஸ் மாற்றுவதைக் கடற்கரையில் நினைத்தே பார்க்கக் கூடாது. குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கடற்காற்றுக்கு எடுத்து வந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படரும். மூடிய பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு வெளிச்சூட்டுக்குப் பழக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கும் குழந்தையை நான் பார்த்ததில்லை.

அதனால் பெரிய கேமராவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு பெரியவர் கூட வருகிறார் என்றால் கணக்கு அப்படியே மாறிவிடும். அப்போது எட்டு மீட்டர் தள்ளி நின்று 200 மி.மீ.யில் எடுக்கும் படம் அழகாகத்தான் இருக்கும். பின்னணிக் கடல் திரண்டு பிள்ளையின் தலைக்குப் பின்னால் நெருங்கி வரும். நாம் பார்ப்பது தெரியாமல் பிள்ளையும் தன் விளையாட்டிலேயே இருக்கும். ஆனால் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நீரருகே இரண்டு பெரியவர்கள் இருந்து, மற்றவர் பார்க்கிறார் என்று இருவருமே நினைத்துக்கொண்டிருப்பது, தனியாக இருப்பதைவிட ஆபத்து.

கைபேசி எல்லார் பையிலும் இருப்பதால் அதைத் தேர்வு என்றே யாரும் நினைப்பதில்லை. கைபேசிப் படத்தின் கதை ஒரு குழந்தையில்தான் தொடங்குகிறது. 1997 ஜூன் 11 அன்று, கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் தன் மகள் பிறந்தபோது, பிலிப் கான் என்ற மென்பொருள் தொழில்முனைவர் ஒரு டிஜிட்டல் கேமராவையும் மடிக்கணினியையும் கைபேசியையும் கம்பியால் இணைத்து, மருத்துவமனையிலிருந்தே படத்தை உற்றார் உறவினருக்கு அனுப்பினார். மனைவி பிரசவ வலியில் இருந்த நேரத்தில்தான் அவர் கம்பிகளை இணைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படம் எடுப்பவர் ஒருவர், வேலையைச் செய்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு அன்றைக்கே இருந்திருக்கிறது.

தூரக் கணக்கில் கைபேசிக்கு முழு மதிப்பெண். ஒரு மீட்டரில் நின்று, ஒரு கையால், திரையை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தே எடுக்கலாம். சுற்றி நடப்பதும் கண்ணில் படும். உலர்ந்த மணலில், குடை நிழலில், கோட்டை கட்டும் பிள்ளையை எடுக்க இதைவிட வேறு கருவி தேவையில்லை. தொல்லை தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. ஈரவிரல் பட்டால் திரை கேட்பதில்லை, நீர்த்துளியையே விரல் என்று எண்ணி வேறெதையோ திறந்துவிடும். (ஒலியைக் கூட்டும் பொத்தானைப் பெரும்பாலான கைபேசிகளில் ஷட்டராகப் பயன்படுத்தலாம், இதைக் கிளம்புமுன்பே பழகிக்கொள்வது நல்லது.) உச்சிவெயிலில் திரையில் நம் முகம்தான் தெரியும். வெயிலில் கிடந்து சூடேறினால் சில கைபேசிகள் வெளிச்சத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும், கேமராவை மூடிவிடுவதும் உண்டு. ஐபோன்களைப் பயன்படுத்த 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சுற்றுச்சூழலைத்தான் அதன் தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார்.

தூசும் நீரும் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி68 என்ற முத்திரையைப் பார்த்துக் கடலில் இறக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனை நன்னீரில், அசையாத நீரில், புதிய கைபேசியை வைத்து நடப்பது. எந்த ஆழம், எத்தனை நிமிடம் என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். உப்பு நீரும், அலையின் மோதலும், போன ஆண்டு கீழே விழுந்து லேசாக விரிசல் கண்ட விளிம்பும் அந்தக் கணக்கில் இல்லை. தவறிப்போய் நனைந்துவிட்டால் நன்னீரில் மெல்ல அலசி, நன்றாக உலரும்வரை சார்ஜ் போடாமல் வைத்திருக்க வேண்டும். ஈர உப்பில் மின்சாரம் பாய்ந்தால் சார்ஜ் துளையின் உலோக முனைகள் அரிக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பயணத்தில் கைபேசி என்பது கேமரா மட்டுமா? டிக்கெட் அதில், வழி அதில், பணம் அதில், அவசரத்துக்கு அழைப்பதும் அதில். அறிமுகமில்லாத ஊரில், சிறு பிள்ளையோடு, இவ்வளவையும் ஒரே அலைக்கு எதிரே நீட்டிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. கவனச் சிதறலும் இருக்கிறது. படம் எடுக்கத்தான் திறக்கிறோம். மேலே ஒரு செய்தி வந்து நிற்கிறது. பதில் போடப் பத்து நொடி போதும் என்று தோன்றுகிறது. நீரருகே பத்து நொடி நீளமானது.

என் வாக்கு விழுவது பலர் பொம்மை என்று ஒதுக்கும் ஒரு கருவிக்கு: நீர் புகாத சிறு கேமரா. முன்பு பல நிறுவனங்கள் இதைச் செய்தன; கைபேசி வந்தபின் பலரும் கைவிட்டார்கள். இன்றும் கிடைப்பவற்றில் ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7 ஒன்று. 2023இல் வந்தது. 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீரைத் தாங்கும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கும், எடை கால் கிலோ. ஜூம் 25 முதல் 100 மி.மீ.க்குச் சமம். இதன் சென்சார் முழுச் சட்டகத்தோடு ஒப்பிட்டால் பரப்பில் முப்பதில் ஒரு பங்குதான். இதைச் சொல்லித்தான் படக் கலைஞர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

பெரிய சென்சாரின் வலிமை வெளிச்சம் குறையும்போதுதான் முழுதாகத் தெரியும். கடற்கரையில் பகலில் குறையாத ஒன்று வெளிச்சம். ஃபிலிம் காலத்தில் ஒரு வாய்பாடு இருந்தது: தெளிந்த வெயிலில் லென்ஸின் துளையை எஃப்/16இல் வைத்தால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் (ஒளியை உணரும் திறனின் அளவு) தலைகீழ்; ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். மணலும் பனியும் ஒளியைத் திருப்பி அடிப்பதால் அங்கே எஃப்/22. அதாவது ஐஎஸ்ஓ 100இல், எஃப்/4 துளையில், சாதாரண வெயிலிலேயே 1/1600 நொடி கிடைத்துவிடும். ஓடும் பிள்ளையையும் சிதறும் நீர்த்துளியையும் உறைய வைக்க 1/1000 போதும். ஆக, சிறு சென்சாரின் பலவீனம் மிகக் குறைவாக வெளிப்படும் இடம் பகல் நேரக் கடற்கரைதான். அந்தி சாய்ந்தபின் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும், அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

பதிலுக்குக் கிடைப்பது என்னவென்றால், கேமராவைப் பற்றிய கவலையே இல்லாமல் போகிறது. மணிக்கட்டில் மிதக்கும் வார் ஒன்றைக் கட்டிவிட்டால், பிள்ளை தடுமாறும்போது கேமராவை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடிக்கலாம். பிள்ளையோடு இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, கண்ணுக்கு நேராக அலை புரளும் மட்டத்திலிருந்து எடுக்கலாம். கரையில் நிற்கும் எவ்வளவு பெரிய லென்ஸுக்கும் அந்தக் கோணம் கிடைக்காது. பிள்ளை தானே கேட்டு வாங்கி எடுத்தாலும் பதற வேண்டியதில்லை. அவர்கள் எடுக்கும் படங்களில் நம் முழங்கால்தான் அதிகம் இருக்கும். அவர்கள் பார்க்கும் உலகமும் அதுதானே. ஒரே ஒரு கவனம்: பேட்டரி மூடியை அடைக்குமுன் ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு தலைமுடி, ஒரு மணல்பொடி சிக்கியிருந்தாலும் 15 மீட்டர் என்ற உறுதிமொழி அங்கேயே முடிந்துவிடும். கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்காமல் நன்னீரில் ஊறவைத்து அலச வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தும் நீர்புகா ஃபிலிம் கேமராவும் இருக்கிறது. 27 படம்தான், உடனே பார்க்க முடியாது என்பதால் எடுத்த கையோடு தலையைக் குனிந்து திரையை ஆராயும் பழக்கம் இல்லாமல் போகிறது, அதுவே அதன் பெருமை. விமானத்தில் போகிறவர்கள் சோதனையில் கையால் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்; புதிய சிடி ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும். விளையாட்டாக ஒன்று எடுத்துப் போகலாம். அதை மட்டுமே நம்பிப் போக மாட்டேன்.

எதையும் எடுத்துப் போகாதீர்கள், கண்ணால் பாருங்கள் என்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் ஓர் ஆய்வும் இருக்கிறது. லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்டது. அருங்காட்சியகத்தில் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை நெருக்கிப் பிடித்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எனக்கு இதில் பயன்படுவது பின்பாதிதான். மொத்தக் கடலையும் வானத்தையும் வாரிச் சுருட்டும் படங்களைக் குறைத்துவிட்டு, ஈர மணலில் புதைந்த கால்விரல்களை, சிப்பியை மூடிப் பிடித்த உள்ளங்கையை, காதோரம் ஒட்டிய மணலை எடுக்கலாம். மூன்று வயதுக்கு முன் நடந்தவை பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை என்பதும் உண்மைதான். அந்தக் கடற்கரை பிள்ளைக்கு என்றாவது வேண்டுமென்றால் யாராவது எடுத்து வைத்திருக்க வேண்டும்.

எந்த நேரத்தில் போவது என்பதும் கேமராவைத் தீர்மானிக்கும். சூரியன் தொடுவானத்துக்கு மேல் சுமார் 6 பாகை வரை இருக்கும் பொன்னொளி, நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் அரை மணி நேரம்கூட நீடிப்பதில்லை. சூரியன் அங்கே ஏறத்தாழ நேர்க்குத்தாக இறங்குகிறது. வடக்கே போகப் போக அது நீளும். அந்தி நேரத்தில் பிள்ளைகள் தூக்கத்துக்கும் அழுகைக்கும் நடுவில் இருப்பார்கள். காலையிலோ, நாம் விரும்பாவிட்டாலும் விடியுமுன் எழுப்பிவிடுகிறார்கள். படக் கலைஞர்கள் அலாரம் வைத்துப் பிடிக்கும் ஒளி நமக்கு இலவசம். காலை 10 முதல் மாலை 4 வரையிலான வெயிலை விட்டுவிடலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை நேர் வெயிலில் வைக்கவே கூடாது. குடைக்குள் இருந்தாலும் உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் 15 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். கரை எந்தத் திசை பார்க்கிறது என்பதையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு பார்த்த கரையில் காலைச் சூரியன் கடலுக்கு மேல் நிற்கும். கடலைப் பின்னணியாக வைத்தால் பிள்ளை நிழலுருவமாகத்தான் வருவாள். மேற்கு பார்த்த கரையில் அதே நேரம் முகத்தில் ஒளி விழும், பின்னால் கடல் நீலமாக இருக்கும். எந்தக் கேமராவானாலும் பளீரென்ற மணலைக் கண்டு ஏமாந்து படத்தைச் சாம்பல் நிறமாக்கும். வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) ஒரு படி கூட்டி வைக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் ஒரு வகை உண்டு. ஒரு படத்துக்குப் பல நொடிகள் குழந்தை அசையாதிருக்க வேண்டும். அதனால் தாய் ஒரு துணியைத் தலைவரை போர்த்திக்கொண்டு, நாற்காலியைப்போல உட்கார்ந்து, மடியில் குழந்தையைப் பிடித்திருப்பாள். ‘மறைந்த தாய்’ படங்கள் என்று இன்று அவற்றைச் சேகரிக்கிறார்கள். துணி போய்விட்டது, இப்போது கேமராவுக்குப் பின்னால் மறைகிறோம். ஆகவே கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை வேறொருவர் கையில் தயங்காமல் கொடுக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் மிரர்லெஸைக் கொடுத்தால் அவர் எதை அழுத்துவது என்று தேடுவார். சிறு கேமராவை யாரும் அழுத்துவார்கள். ஒரு பையின்மேல் சாய்த்துப் பத்து நொடி டைமரில் வைத்துவிட்டு ஓடிப்போய் மகள் பக்கத்தில் உட்காரவும் முடியும்.

ஆகவே இப்போதைக்கு என் தேர்வு இது: பிள்ளை நன்றாக நீந்தக் கற்கும்வரை, நீருக்கு மணிக்கட்டில் சிறு கேமரா, கைபேசி உலர்ந்த பையில், அவசரத்துக்கு அது சார்ஜோடு இருக்கட்டும். நிதி ஒன்றுக்குத்தான் இடம் தருகிறது, அந்தியில்தான் கடற்கரைக்குப் போக முடிகிறது, நீரில் இறங்குவதே இல்லை என்பவர்கள் கைபேசியோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்களுக்கு நீர்புகாக் கேமரா வீண்செலவு. பெரிய கேமரா மேல் ஆசை உள்ளவர்கள் ஆசையைக் கைவிட வேண்டாம், தள்ளிப்போட்டால் போதும். பின்னாளில் பெயர்பெற்ற பிரிட்டிஷ் படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூனுக்கு முதல் கேமரா கிடைத்தது 1863இல், 48 வயதில். இங்கிலாந்தின் ஒயிட் தீவில் கடலோரத்தில் தனிமையில் இருந்த அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் வாங்கிக் கொடுத்தது. வாங்கும் நாள் வரும்போது 35 மி.மீ. லென்ஸ் ஒன்றோடு தொடங்குங்கள், ஜூமைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் கேமராவானாலும் உபரி பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடக் கூடாது. கைபேசியில் எடுத்த படத்தைப் பொதுவெளியில் போடுமுன் அதற்குள் பதிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்கிவிடுங்கள். நீச்சலுடையில் உள்ள பிள்ளையின் படம் குடும்பத்துக்குள் இருந்தால் போதும். அவளுக்கு விவரம் தெரிந்ததும் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவளையே கேட்டுக்கொள்ளலாம்.